புழு தெரிந்த பிறகு அட்டை கட்டாதீர்கள்: பருத்திக் காய்ப்புழுவுக்கு ஒட்டுண்ணி விடும் முறை

பருத்தியில் புழுவைக் கண்ணால் பார்த்த அன்றைக்குத்தான் பலருக்கு ஒட்டுண்ணி அட்டை, அதாவது பூச்சியை அழிக்கிற குட்டிக் குளவியை முட்டைக்குள் வைத்து ஒட்டித் தருகிற அட்டை, ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ஓடிப்போய் வாங்கிக் கட்டினால் பணம் போனதுதான் மிச்சம். டிரைக்கோகிரம்மா என்கிற அந்தக் குட்டிக் குளவி புழுவைத் தொடவே தொடாது, அதற்கு வேண்டியது முட்டை. தாய் அந்துப்பூச்சி செடியில் இட்டுவிட்டுப் போன முட்டையைத் தேடிப்பிடித்து அதற்குள் தன் முட்டையைச் செருகிவிடும். உள்ளே பொரிக்கிற குளவிக் குஞ்சு அந்த முட்டையின் சத்தைத் தின்றே வளர்ந்து, எட்டுப் பத்து நாளில் குளவியாக ஓட்டை போட்டு வெளியே வரும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வருகிறது, கணக்கு அவ்வளவுதான். புழு பொரித்துக் காய்க்குள் போய்விட்டதென்றால் இதற்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

எனக்குக் காடு தேவகோட்டைக்கும் கல்லலுக்கும் நடுவில், ஒன்றரை ஏக்கர் செவல், ஒரு கிணறு. செட்டிநாட்டில் பருத்தியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப்பக்கம், ஆனால் பருத்திக்காட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும், என்ன செய்ய. புரட்டாசி மழைக்கு விதைப்பேன், கிணற்றில் தண்ணீர் நின்றால் சில வருடம் மாசிப் பட்டத்திலும் போடுவேன். கீழே சொல்வது அந்த அனுபவத்தோடு பல்கலைக்கழகப் பரிந்துரையையும் சேர்த்துச் சொல்வது.

எந்தப் புழுவுக்கு எந்தக் குளவி

முதலில் உங்கள் விதை என்ன என்று பாருங்கள். பி.டி., அதாவது காய்ப்புழுவை எதிர்க்க மரபணு சேர்த்த விதை, அல்லாத ரகம், கே.சி.3 மாதிரி, என்றால் அமெரிக்கன் காய்ப்புழு, புள்ளிக் காய்ப்புழு இரண்டும் வரும். அவற்றின் முட்டைக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். நம் ஊர் ஆய்வகங்களில் சாதாரணமாகக் கிடைப்பது இதுதான். பி.டி. விதை போட்டிருந்தால் அமெரிக்கன் புழு பெரும்பாலும் தொல்லை தராது, அங்கே எதிரி இளஞ்சிவப்புக் காய்ப்புழு. பி.டி. பருத்தி இந்தியாவுக்கு வந்தது 2002இல், இரண்டு மரபணு உள்ள விதை 2006இல். இரண்டையும் இந்த இளஞ்சிவப்புப் புழு பழகிக்கொண்டுவிட்டது. அதற்குத் தோதான முட்டை ஒட்டுண்ணி டிரைக்கோகிரம்மாட்டாய்டியா பாக்ட்ரே. பெயர் வாயில் நுழையாது, வாங்கும்போது "இளஞ்சிவப்புப் புழுவுக்கான அட்டை" என்று கேளுங்கள், ஆனால் அட்டையில் பெயரைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இளஞ்சிவப்புப் புழுவுக்கு முட்டை ஒட்டுண்ணிதான் பொருத்தம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது பொரித்த கொஞ்ச நேரத்திலேயே சப்பை என்கிற பூமொட்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும், நுழைந்த ஓட்டையும் மூடிக்கொள்ளும். அப்புறம் மேலே எந்த மருந்தைக் கொட்டினாலும் அதில் குளிப்பது காய்தான், புழு இல்லை. பிடிக்க வேண்டுமானால் முட்டையிலேயே பிடிக்க வேண்டும்.

புகையிலை வெட்டுப்புழு, நம் ஆட்கள் புரோடீனியா என்பார்கள், அதற்கு டிரைக்கோகிரம்மாவை நம்பாதீர்கள். அந்த அந்து முட்டையைக் குவியலாக இட்டு மேலே தன் ரோமத்தால் போர்த்திவிட்டுப் போகும், குட்டிக் குளவிக்கு அதைத் துளைக்கத் திணறல். டெலினோமஸ் ரீமஸ் என்று வேறொரு குளவி அதற்கு உண்டு. ஆனால் வரப்போரம் ஆமணக்கு நட்டு, அதில் இருக்கும் முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி எடுப்பதே எனக்குச் சுலபமாக இருக்கிறது, காசும் இல்லை.

முதல் நாற்பது நாள் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்

இதுதான் கஷ்டமான வேலை. செடி முழங்கால் உயரம் வருவதற்குள் அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ என்று வரிசையாக வரும், இலை ஓரம் சுருளும், மருந்துக்கடைக்குப் போகச் சொல்லி மனது அரிக்கும். பி.டி. விதைகள் பெரும்பாலும் பூச்சிமருந்து நேர்த்தி செய்தே வருகின்றன, ஆரம்ப நாட்களுக்கு அதுவே போதும். அந்த நேரத்தில் கண்டதையும் அடித்தால், பின்னால் காசு கொடுத்து விடப்போகும் குளவிக்கு முன்னால் சும்மா வந்து வேலை செய்கிற குளவிகளையும் பொறிவண்டையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம்.

சும்மா வருகிறதா என்று சந்தேகமாக இருந்தால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு கைலென்ஸ் வாங்கி இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தில் சிலது மட்டும் உப்பி, பழுப்பேறி, கடுகு பொரிந்தது மாதிரி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயாயிற்று. வெள்ளை ஈக்கூட்டில் இன்னும் அழகு. ஈ தானாக வெளிவந்த கூட்டில் கிழிசல் ஆங்கில டி எழுத்து வடிவில் இருக்கும், ஒட்டுண்ணி வெளிவந்ததில் வட்ட ஓட்டை இருக்கும். பத்து இலை திருப்பி வட்ட ஓட்டை எத்தனை, கிழிசல் எத்தனை என்று எண்ணினால் யார் ஜெயிக்கிறார் என்று தெரிந்துவிடும். வட்டம் அதிகம் என்றால் தெளிப்பானை எடுக்காதீர்கள்.

மாவுப்பூச்சியிலும் அப்படித்தான். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தெரியவந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி எதையும் விடாமல் வெள்ளையடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மருந்தடித்து மாளவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள், கொஞ்ச காலத்தில் அடங்கிவிட்டது. பருத்தி மாவுப்பூச்சிக்கு ஏனேசியஸ் என்று ஒரு குளவி இருக்கிறது, அதை யாரும் விடக்கூட வேண்டியதில்லை, தானாக வரும். வெள்ளை மாவுக்கு நடுவில் செம்பழுப்பு நிறத்தில் தோல் தடித்துக் கிடக்கிற பூச்சிகள் தெரிந்தால் அது அவர்கள் வேலை. அந்தக் கிளையை வெட்டி எரிக்காதீர்கள். ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வாயில் மல்துணி கட்டி வைத்தால் ஒரு வாரத்துக்குள் குளவி வரும், மாவு அதிகமுள்ள பாரில் கொண்டுபோய்த் திறந்துவிடலாம்.

விதைக்கும்போதே நாலைந்து பாருக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு போட்டுவையுங்கள். பயறில் அசுவினி ஏறும், அதைத் தின்ன பொறிவண்டு வரும், பருத்திக்கும் அதுவே காவல். வரப்பில் கொத்தமல்லி பூத்து நின்றால் குளவிக்குத் தேன், குழம்புக்குத் தழை.

எப்போது ஆரம்பிப்பது

புத்தகக் கணக்கு, விதைத்த 45ஆம் நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை. ஹெக்டேருக்கு 6.25 சி.சி., அதாவது ஏக்கருக்கு இரண்டரை சி.சி. ஒரு சி.சி.யில் பதினெட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் முட்டை இருக்கும். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கைலோனிஸுக்கு. பாக்ட்ரே என்றால் ஏக்கருக்கு அறுபதாயிரம், பூ எடுக்கத் தொடங்கியதும் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை.

ஆனால் 45ஆம் நாள் என்பது நாள்காட்டி சொல்வது. அந்துப்பூச்சி நாள்காட்டி பார்த்து வருவதில்லை. அதனால் 40ஆம் நாள் வாக்கில் ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, பெண் அந்தின் வாசனை ஏற்றிய வில்லையால் ஆணை இழுத்துப் பிடிக்கிற பொறி, கட்டிவிடுங்கள். அமெரிக்கன் புழுவுக்கு ஒரு வில்லை, இளஞ்சிவப்புப் புழுவுக்கு வேறு வில்லை, மாற்றிப் போட்டால் ஒன்றும் விழாது. காலையில் போய் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று அந்து விழ ஆரம்பித்ததுமே அட்டைக்குச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விழுவது ஆண், பெண் அதே ராத்திரியில் செடியில் முட்டை இட்டுக்கொண்டிருக்கும். அந்த முட்டை மூன்று நாளில் பொரித்துவிடும். நீங்கள் யோசித்துக்கொண்டே இருக்கிற மூன்று நாளும் அதுதான்.

முட்டை தேடக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்கன் புழுவின் முட்டை நுனித் தளிரிலும் சப்பையின் மேலிதழிலும் தனித்தனியாக இருக்கும், குண்டூசித் தலையைவிடச் சின்னது, பாலாடை நிறம், லென்ஸில் பார்த்தால் பூசணிக்காய் மாதிரி வரிவரியாகத் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது தேடுங்கள், பளபளப்பில் பிடிபடும். முதல் வருடம் எனக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு முட்டைகூடத் தெரியவில்லை, கூட வந்த என் மகள் பத்து நிமிடத்தில் ஏழு காட்டினாள். பார்வை சரியாக இருக்கிற ஆளைக் கூட்டிப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இளஞ்சிவப்புப் புழுவின் முட்டை இப்படித் தெரியாது, காயின் அடியில் புல்லிக்குள் ஒளிந்திருக்கும். அதற்குப் பொறிதான் கண்.

அட்டை

வேளாண் துறையின் ஒட்டுண்ணி உற்பத்தி மையங்களிலும் தனியாரிடமும் கிடைக்கும். எங்கே எப்போது இருப்பு இருக்கும் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ கேட்டுவிடுங்கள், விதைத்த உடனேயே சொல்லிவைப்பது நல்லது. அரிசியில் வருகிற அந்துப்பூச்சியின் முட்டையை அட்டையில் பசை தடவி ஒட்டி, புற ஊதா விளக்கில் காட்டி உள்ளிருக்கும் கருவைக் கொன்று, அதன்மேல் குளவியை விட்டு முட்டையிட வைத்துத் தருகிறார்கள். தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

குளவி ஏறிய முட்டை மூன்று நாலு நாளில் கறுத்துவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்தக் கறுப்பைத்தான். லென்ஸில் பார்த்து நூறு முட்டையில் எண்பது தொண்ணூறாவது கறுத்து, உருண்டு இருக்க வேண்டும். வெளிறிக் கிடப்பதில் குளவி இல்லை. கறுப்பாக இருந்தும் ஓட்டை ஓட்டையாக இருந்தால் குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது, நீங்கள் வாங்குவது வெறும் கூடு. ஒரு தடவை ஒரு கடையில் தேதி போடாத அட்டையை என் தலையில் கட்டிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஓட்டை. எந்த நாளில் பொரிக்கும் என்று எழுதிக் கொடுக்காத அட்டையை அதற்கப்புறம் கையால் தொடுவதில்லை.

கொண்டுவருவதிலும் கவனம் வேண்டும். ஒரு மாசிப் பட்டத்தில், சித்திரை வெயில், அட்டையை வாங்கி வண்டி முன்பையில் வைத்துக்கொண்டு வரும் வழியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பந்தியில் உட்கார்ந்து பணியாரம், கும்மாயம் என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தேன். வண்டி வெயிலில் நின்றிருந்தது. அன்றைக்குக் கட்டிய அட்டையிலிருந்து விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் குளவி வந்தது. முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனாலே இதற்கு ஆகாது, வெயிலில் நிற்கிற பைக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி சுற்றிய சில்வர் தூக்குச்சட்டியில் தாள் மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள், அட்டை மட்டும் நனையக் கூடாது. மழை பிடித்துக்கொண்டு கட்ட முடியாமல் போனால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு வாரம் வைக்கலாம். மேலே ஐஸ் அறையில் வைத்தால் செத்துவிடும். எங்கள் அம்மா, "குளவியவா வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கே?" என்று இரண்டு நாள் குளிர்பெட்டிப் பக்கமே போகவில்லை. அரை மில்லிமீட்டர் உள்ள குளவி, யாரையும் கொட்டாது.

கட்டுவது

கறுத்த அட்டையில் ஒன்றிரண்டு குளவி நடமாட ஆரம்பிக்கிற அன்றைக்குக் கட்டுவதுதான் சரி. இரண்டு நாள் முன்னால் கட்டினால் எறும்புக்கு விருந்து. நான் ஒரு தடவை அவசரப்பட்டு முன்னதாகக் கட்டிவிட்டு, மறுநாள் போய்ப் பார்த்தால் துண்டுக்குத் துண்டு செவ்வெறும்பு சாரை கட்டி முட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

ஏக்கருக்கான அட்டையை நாற்பது துண்டாக வெட்டுங்கள். முட்டைப் பக்கம் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வெட்டவும். பத்து மீட்டருக்கு ஒன்று என்று வரும், நடையில் பெரிய எட்டாகப் பன்னிரண்டு. குளவி ரொம்ப தூரம் பறக்காது, அதனால் வரப்போரம் மட்டும் கட்டிவிட்டு வந்தால் நடுக்காடு காலியாகவே இருக்கும். செடியின் மேல் பாதியில், நிழல் விழுகிற இலையின் அடிப்பக்கத்தில், முட்டை உள்ள முகம் கீழே பார்க்கிற மாதிரி ஸ்டேப்ளர் போட்டுவிடுங்கள். மழை, வெயில் இரண்டுக்கும் இலையே குடை. புரட்டாசிப் பயிருக்குக் கட்டுகிற காலம் கார்த்திகையாக இருக்கும், வாடைக்காற்று குளவியைத் தென்மேற்காகத் தள்ளும், ஆகவே வடகிழக்கு ஓரத்தில் நாலைந்து துண்டு கூடுதலாகக் கட்டுவேன். மழை கொட்டுகிற அன்று கட்டாதீர்கள், வெறிக்கட்டும். நேரம், சாயங்காலம் நாலரைக்கு மேல், அல்லது விடிந்ததும். மாசிப் பட்டத்தில் கட்டுவதாக இருந்தால் முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள், செடிக்குள் குளுமை இருந்தால் அது கூட இரண்டு நாள் உயிரோடு வேலை செய்யும்.

ஒரு துண்டை மட்டும் கட்டாமல் ஒரு பாட்டிலில் போட்டு வீட்டு நிழலில் வையுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு, ஆனால் இது இல்லாமல் நீங்கள் எதையும் சொல்ல முடியாது. பாட்டிலில் குளவி வந்து காட்டில் புழு குறையவில்லை என்றால் தப்பு கட்டியதில், அல்லது மருந்தில். பாட்டிலிலேயே வரவில்லை என்றால் தப்பு அட்டையில்.

கட்டிய பின்

நாலைந்து நாள் கழித்துக் காட்டில் இருக்கும் முட்டைகளை இலைத்துணுக்கோடு முப்பதாவது கிள்ளி வந்து பாட்டிலில் வையுங்கள். குளவி ஏறியது மசி மாதிரி முழுக்கக் கறுக்கும். ஏறாதது பழுப்பாகி, புழுவின் தலை கருவளையமாகத் தெரிந்து, பொரித்துவிடும். பாதிக்குப் பாதி கறுத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். முட்டையே கிடைக்காவிட்டால் அதுவும் நல்ல செய்திதான்.

கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் ரசாயன மருந்து எதுவும் வேண்டாம், பைரித்ராய்டு வகை என்றால் இன்னும் தள்ளி. தவிர்க்கவே முடியாது என்றால் வேப்பங்கொட்டைச் சாறு. ஆடியில் பொறுக்கிக் காயவைத்த கொட்டையை உடைத்துப் பருப்பு பத்துக் கிலோ எடுத்து இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, இருநூறு லிட்டருக்குச் சேர்த்துக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்தால் ஏக்கருக்கு ஐந்து சதவீதச் சாறு ஆயிற்று.

நம் காட்டில் அடிக்காமல் இருந்தால் போதாது. பக்கத்துக் காட்டு மாமா, "என்ன மாப்ளே, பூச்சிக்குப் பூச்சியே வைத்தியமா?" என்று சிரித்தபடியே நான் கட்டிய மறுநாள் பவர் ஸ்ப்ரேயரை எடுத்தார், காற்று என் பக்கம். சண்டை போட்டு என்ன பயன். அடுத்த தடவை முன்கூட்டியே போய்த் தேதியைச் சொன்னேன், "சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே" என்றார். இப்போது அவர் நோட்டிலும் என் தேதிகள் இருக்கின்றன, அட்டை இன்னும் வாங்கவில்லை.

எந்தக் கட்டத்தில் இது போதாது என்றும் சொல்லிவிடுகிறேன். பொறி ஒன்றில் இளஞ்சிவப்பு அந்து தொடர்ந்து மூன்று ராத்திரி எட்டுக்கு மேல் விழுந்தால், அல்லது இருபது பச்சைக் காய் பறித்துப் பிளந்ததில் இரண்டில் புழு இருந்தால், அட்டையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டி, அவர் சொல்கிற மருந்தை அடித்துவிட்டு, இடைவெளி விட்டு அட்டைக்குத் திரும்புங்கள். ரோஜா மொட்டு மாதிரி விரியாமல் சுருண்டு நிற்கிற பூ தெரிந்தால் பறித்து ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு இருக்கும்.

கடைசி எடுப்பு முடிந்ததும் "இன்னும் நாலு காய் வரும்" என்று செடியை விட்டுவைக்காதீர்கள். அந்த நாலு காயில்தான் இளஞ்சிவப்புப் புழு அடுத்த பட்டம் வரைக்கும் படுத்திருக்கும். நான் ஆட்டுக்காரரிடம் சொல்லிக் கிடை போட்டுவிடுவேன். கடைசியாக மருந்தடித்திருந்தால் அதற்குரிய நாள் கழிந்த பிறகுதான். நாலு ராத்திரியில் மிச்சக் காயும் இலையும் ஆட்டு வயிற்றுக்குள் போய்விடும், எரு மண்ணில் தங்கும். அப்புறம் பருத்திமாரை, அதாவது நிற்கிற செடித் தண்டை, பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். விறகுக்கு ஆகும் என்று பருத்திமாரை வீட்டுச் சுவரோரம் அடுக்கி வைக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.